மலையிலிருந்து கடலுக்கு: பெருமீன் தூண்டில் பயணத்துக்கு எந்தக் கரை?

ஹற்றன் பக்கத்தில் வளர்ந்த எங்களுக்குக் கடல்மீன் என்றால், ஹோர்ன் அடித்தபடி தோட்டப் பாதையில் ஏறிவரும் மோட்டார் சைக்கிளின் ஐஸ் பெட்டிக்குள் கிடக்கும் சாளையும் பலயாவும் கெலவல்லா என்னும் மஞ்சள்செட்டைச் சூரையின் துண்டும்தான். தூண்டில் அனுபவமோ காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கக் கரைகளில் திலாப்பியாவோடு முடிந்துவிடும். அப்படிப் பழகிய கைகளுக்கு, ஈட்டிபோல அலகு நீண்ட, ஆளைவிட நீளமான மயில்மீனையும் (ஆங்கிலத்தில் செயில்ஃபிஷ்), அதே வகையில் அதையும் விஞ்சிய மார்லினையும் ஆழ்கடலில் தூண்டிலால் சந்திக்க வேண்டும் என்ற ஆசை ஏன் வருகிறது என்று வீட்டில் கேட்கிறார்கள். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆசை வந்துவிட்ட பிறகு எந்தக் கரைக்குப் போவது என்ற கேள்விக்கு மட்டும் ஓரளவு பதில் சொல்ல முடியும்.

நான் பாடசாலை ஆசிரியன். நீண்ட விடுமுறை கிடைப்பது ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் மாதங்களில் மட்டுமே. கடந்த சில ஆண்டுகளில், செலவைப் பங்கிட்டுக்கொள்ளும் நண்பர்கள் மூவருடன், கிழக்கே திருகோணமலை, தெற்கே மிரிஸ்ஸ, வடமேற்கே கற்பிட்டி, தென்கிழக்கே கிரிந்த ஆகிய நான்கு இடங்களிலிருந்தும் கடலுக்குப் போயிருக்கிறேன். படகருகே கொண்டுவந்து விடுவித்த மயில்மீன் ஒன்று, தங்கூசியை அறுத்துக்கொண்டு போன மயில்மீன் ஒன்று, கைநிறைந்த சீலாவும் அறுக்குளாவும், வெறுங்கையோடு திரும்பிய பல நாட்கள் என்பதுதான் இதுவரையான வரவு. ஆகையால் இதை நிபுணரின் தீர்ப்பாகக் கொள்ள வேண்டாம். நான்கு கரைகளிலும் காசைச் செலவழித்தவன் தன் கணக்கை எழுதுகிறான் என்று கொண்டால் போதும்.

மழை பெய்யும் பக்கம் எது?

இலங்கையைச் சுற்றியுள்ள கண்டமேடை, அதாவது கரையை ஒட்டிய ஆழங்குறைந்த கடலடித் தரை, ஒடுக்கமானது. அதன் சராசரி அகலம் 20 கிலோமீற்றரைச் சற்றே தாண்டும். பாக்குநீரிணைப் பக்கத்தை விட்டுவிட்டால், ஏறத்தாழ எந்தக் கரையிலிருந்து புறப்பட்டாலும் வெளியிணைப்பு எஞ்சின் பூட்டிய ஒரு ஃபைபர் படகு ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் ஆழ்கடலின் விளிம்பை எட்டிவிடும். பெருமீன்களும் அந்த விளிம்பையே சுற்றுகின்றன. எனவே "பெரிய மீன் எந்தக் கரையில் இருக்கிறது?" என்று தொடங்குவது வீண். உங்களுக்கு விடுமுறை கிடைக்கும் மாதத்தில் எந்தக் கரையில் படகு இறங்கும் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிறது. மேற்கிலும் தெற்கிலும் கடல் கொந்தளிக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வாடைக்காற்று என்னும் வடகீழ்ப் பருவக்காற்று. அப்போது கிழக்குக் கடல் மூடிக்கொள்ளும். இடைப்பட்ட மார்ச், ஏப்ரல் மாதங்களில் தீவைச் சுற்றிலும் ஓரளவு அமைதி நிலவும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களும் இடைப்பருவமே ஆயினும், பிற்பகல் இடிமழையும் வங்காள விரிகுடாவில் உருவாகும் தாழமுக்கங்களும் மலைப்பாதைகளின் மண்சரிவும் சேர்ந்துகொள்வதால், அந்த இரண்டு மாதங்களில் முற்பணம் கட்டுவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

மலையகத்தில் இருப்பவர்களுக்கு இதை நினைவில் வைத்துக்கொள்ள எளிய வழி ஒன்று உண்டு. மலையின் எந்தப் பக்கத்தில் மழை பெய்கிறதோ அந்தப் பக்கத்துக் கடல் மூடியிருக்கிறது என்று கொள்ளலாம். ஜூன், ஜூலையில் மஸ்கெலியாவிலும் நோர்வூட்டிலும் கொழுந்துக் கூடையோடு படங்குச் சீலையும் நனைகிறதா, மேற்கையும் தெற்கையும் மறந்துவிட்டுத் திருகோணமலையை நினைக்கலாம். டிசம்பரில் பதுளையும் பசறையும் மழையில் ஊறுகின்றனவா, கிழக்கை விட்டுவிட்டுத் தெற்கே இறங்கலாம்.

திருகோணமலை

ஹற்றன், நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்து ஓடைகளைச் சேர்த்துக்கொண்டு இறங்கும் மகாவலி, 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. அந்தக் குடாவிலிருந்தே கடலடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு தொடங்கி, 3,000 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தை நோக்கிச் சரிகிறது. திருகோணமலைத் துறைமுகம் உலகின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றாக இருப்பதற்கும், கோணேசர் மலை உச்சியில் நின்றே சில வேளைகளில் திமிங்கிலத்தின் மூச்சைக் காணமுடிவதற்கும் இந்த ஆழமே காரணம். தூண்டில்காரனுக்கு இதன் பொருள், எரிபொருளை எரித்துக்கொண்டு வெகுதூரம் போகாமலே நீலக்கடலைத் தொட்டுவிடலாம் என்பதாகும்.

ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து செப்டெம்பர் வரை இங்கே பருவம். அந்தக் காலத்தில் வீசும் கச்சான் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வருவதால், கரையோரக் கடல் தட்டையாக இருக்கும். கரையை விட்டு விலக விலக அலை எழும்பும். முதல் தடவை வருபவர்கள் கரையில் நின்று பார்த்துவிட்டு ஏமாறுவது இதில்தான். காலை நான்கரை, ஐந்து மணிக்குப் புறப்பட்டு, வெயில் ஏறிக் காற்று முறுகுவதற்கு முன் திரும்பத் தொடங்க வேண்டும். பிற்பகல் இரண்டு மணிக்குத் திரும்பினால், எதிர்க்காற்றில் ஒவ்வோர் அலையும் முகத்தில்தான் அடிக்கும்.

ஆழத்தில் மயில்மீன், கெலவல்லா, சில காலங்களில் மார்லின். பாறை முனைகளின் ஓரத்தில் பாரை, சீலா, அறுக்குளா என்று இங்கே ஒரே நாளில் இரண்டு விதமான தூண்டிலும் போடலாம். மயில்மீன் வராத நாள் முழு நட்டமாக முடியாமல் போவதற்கு இந்தக் கலவையே காப்பு. புறாத்தீவு 2003 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. அதன் எல்லைக்குள் தூண்டில் போடக்கூடாது. கடற்படைத் தளம் இருப்பதால் துறைமுகத்தை ஒட்டிய சில பகுதிகளுக்குள்ளும் படகு போகாது. இவை இரண்டையும் படகோட்டிகள் அறிவார்கள் என்றாலும், நாமும் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

குறை என்னவென்றால், இங்குள்ள படகுகளில் பல, திமிங்கிலம் காட்டவும் புறாத்தீவுக்கு ஆள் ஏற்றவும் ஓடுபவை. தூண்டில் அவற்றுக்கு இடைத்தொழில். எங்கள் முதற்பயணத்தில் படகோடு தந்த தண்டில் பழைய தங்கூசி சுற்றியிருந்தது. ரீலின் பிரேக் உப்பேறி இறுகியிருந்தது. புறப்படுமுன் அதை இழுத்துப் பார்த்திருக்க வேண்டும், நாங்கள் பார்க்கவில்லை. எட்டரை மணியளவில் பின்னால் இழுத்துவந்த போலி இரையை ஒரு மயில்மீன் கௌவி, பாய்மரம் போன்ற முதுகுச் செட்டையை விரித்து இரண்டு தடவை துள்ளியது. ரீல் இளகிக்கொடுக்கவில்லை. மூன்றாவது துள்ளலில் தங்கூசி அறுந்தது. படகுக்காரர் வருத்தப்பட்டார், ஆனால் கட்டணம் கட்டணம்தான்.

ஹற்றனிலிருந்து நாவலப்பிட்டி, கண்டி, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக ஏறத்தாழ 250 கிலோமீற்றர். ஒரு பகல் முழுவதும் பாதையில் போய்விடும். அதற்கு ஈடாக, தமிழில் பேரம் பேசலாம், தமிழில் சண்டையும் போடலாம். நகரில் சைவக் கடைக்குக் குறைவில்லை. கூட வரும் குடும்பத்தினர் கோணேசர் கோயிலுக்கும் கன்னியா வெந்நீரூற்றுக்கும் போய்வரலாம். பெருமீன் பயணத்தில் கடலேறுபவர் ஒருவர் என்றால் கரையில் காத்திருப்பவர்கள் மூவர் என்பதை மறந்துவிட்டுத் திட்டம் போடுபவர்களுக்கு, அடுத்த ஆண்டு அனுமதி கிடைப்பதில்லை.

மிரிஸ்ஸ, வெலிகம

திருகோணமலைக்கு நேரெதிர்ப் போட்டி இந்தத் தென்கரைதான். பருவமும் நேரெதிர்: நவம்பர் முதல் ஏப்ரல் வரை. தீவின் தென்கோடியான தேவேந்திரமுனைப் பக்கத்தில் கண்டமேடை மிக ஒடுங்கிப்போவதால், ஆழ்கடல் கரைக்கு வெகு அருகில் வந்துவிடுகிறது. நீலத்திமிங்கிலங்கள் இங்கே உல்லாசப் படகுகள் எட்டும் தூரத்தில் தென்படுவதும் அதனால்தான். வாடைப் பருவத்தில் நீரோட்டம் கிழக்கிலிருந்து மேற்காகவும், சோளகம் என்னும் தென்மேற்குப் பருவத்தில் மேற்கிலிருந்து கிழக்காகவும் இந்த முனையைக் கடந்து ஓடுகிறது. தெளிந்த நீரும் கலங்கிய நீரும் சந்திக்கும் ஓடைக்கோட்டில் குப்பை, மிதக்கும் மரத்துண்டு, பாசி எல்லாம் வரிசைகட்டும். அதன் கீழே சிறுமீன்கள் கூடும். அவற்றைத் தேடிப் பெருமீன் வரும். நல்ல படகோட்டி அந்தக் கோட்டைத் தேடிப்போவார். அனுபவமில்லாதவர் நேற்று மீன்பட்ட இடத்தை ஜீபீஎஸ்ஸில் போட்டுவிட்டு அங்கேயே வட்டமிடுவார். படகைப் பேசும்போது, "மீன் இருக்கிற இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பறவைகளையும் நீரின் நிறத்தையும் பற்றிப் பேசுபவருக்கு முற்பணம் கொடுக்கலாம்.

மார்லினே வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவருக்கு நான் தெற்கையே சொல்வேன். மார்லின்களுள் கண்டமேடை விளிம்பையும் பாறைத்தொடர்களையும் ஒட்டித் திரிவது கறுப்பு மார்லின். கரையை விட்டு விலகிய நீலக்கடலில் வாழ்வது நீல மார்லின். இரண்டையும் பிரித்தறிய, தலைக்குப் பின்னாலுள்ள பக்கச் செட்டையைப் பார்க்க வேண்டும்: கறுப்பு மார்லினின் செட்டை விறைத்து நிற்கும், உடலோடு மடியாது. நீல மார்லினில் பெண்மீன்தான் இராட்சதமாக வளரும்; ஆண் அதன் பக்கத்தில் பொடியன். தூண்டிலில் பிடிபட்ட கறுப்பு மார்லினுக்கான உலக சாதனை 1953 ஆம் ஆண்டு பெரு நாட்டின் கபோ பிளாங்கோவில் பதிவானது. அல்ஃப்ரெட் கிளாசெல் பிடித்த அந்த மீனின் எடை 1,560 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 708 கிலோகிராம். 70 ஆண்டுகளுக்கு மேலாகியும் அதை யாரும் முறியடிக்கவில்லை. இலங்கைக் கடலில் அப்படி ஒன்றை எதிர்பார்த்துப் போகாதீர்கள். நூறு கிலோ மீன் ஒன்று மாட்டினாலே, பெரும் உல்லாசப் படகுகளில் உள்ளதுபோல உடலைப் பிணைத்துக்கொள்ளும் நாற்காலி இல்லாத நம்மூர்ப் படகில், இடுப்பில் பட்டி கட்டிக்கொண்டு நின்றபடி ஒரு மணித்தியாலமோ அதற்கு மேலோ போராட வேண்டியிருக்கும்.

மயில்மீன் அந்த அளவுக்குக் கனமானதல்ல. அதன் உலக சாதனையே 1947 இல் எக்குவடோரில் பிடிபட்ட நூறு கிலோ மீன்தான். மேல்மட்ட நீரில் சிறுமீன் கூட்டங்களைச் சுற்றிவளைத்து வேட்டையாடும் பழக்கம் உள்ளதால், மார்லினைவிட இதைக் கண்ணால் காணும் வாய்ப்பு அதிகம். இதன் வேகம் மணிக்கு 110 கிலோமீற்றர் என்று பொது அறிவுப் புத்தகங்களில் நானே மாணவர்களுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். பிற்கால அளவீடுகள் அதில் பாதியைக்கூட எட்டவில்லை. ரீலைப் பிடித்திருக்கும் கைக்கு அந்தத் திருத்தத்தால் எந்த வித்தியாசமும் தெரியாது என்பது வேறு விஷயம்.

திருகோணமலையோடு ஒப்பிட்டால், தெற்கில் தூண்டிலையே தொழிலாகக் கொண்ட படகுகளும் பராமரிக்கப்பட்ட ரீல்களும் கிடைப்பது எளிது. விலையும் அதற்கேற்ப வெளிநாட்டுப் பயணியை மனத்தில் வைத்துச் சொல்லப்படும். உள்ளூர்க்காரர் என்று தெரிந்த பின் இறங்கும். அரைநாளா முழுநாளா, கட்டணம் படகுக்கா ஆளுக்கா, எரிபொருள் அதற்குள் அடங்குமா என்ற மூன்றையும் தொலைபேசியிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். அரைநாள் பயணத்தில் போகவரப் பாதி நேரம் கழிந்துவிடும். மார்லினுக்கு அரைநாள் என்பது காசை அலையில் எறிவதற்குச் சமம்.

தெற்கின் தொல்லைகள் இரண்டு. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை திமிங்கிலம் பார்க்கப் போகும் படகுகள் அதே நீரில் நெரிசலாக ஓடும். அதற்கு அப்பால், உலகின் நெரிசல் மிகுந்த கப்பற்பாதைகளுள் ஒன்று தேவேந்திரமுனையைக் கடந்து செல்கிறது. சரக்குக் கப்பல் தொலைவில் மெதுவாக வருவதுபோலத் தெரியும்; பத்து நிமிடத்தில் தலைக்கு மேல் நிற்கும். மீன் மாட்டியிருக்கும்போது படகால் சட்டென விலக முடியாது. கப்பற்பாதைக்குள் இழுவைத் தூண்டில் போட மறுக்கும் படகோட்டியைக் கோழை என்று நினைக்க வேண்டாம்.

பண்டாரவளை, பதுளைக்காரர்கள் வெல்லவாய வழியாக இறங்கி, 2020 இல் ஹம்பாந்தோட்டை வரை நீட்டப்பட்ட தெற்கு அதிவேகப் பாதையில் ஏறிக்கொள்ளலாம். ஹற்றன்காரர்களுக்கு அவிசாவளை வழியாக இறங்கிக் கொழும்பின் புறநகரில் அதே பாதையைப் பிடிப்பது சுற்று என்றாலும் உடம்புக்குச் சுகம். எப்படிப் போனாலும் முதல் நாள் இரவு கரையில் தூங்குங்கள். கினிகத்தேனை வளைவுகளில் இறங்கி, அந்தத் தலைச்சுற்றலோடு நேரே படகேறிய நண்பர் ஒருவர், கடலில் ஐந்து மணித்தியாலம் படகின் விளிம்பை விட்டு எழும்பவே இல்லை. பயண வாந்தி மாத்திரையைப் படகில் போடுவதால் பயனில்லை. புறப்படுவதற்கு முன்பே போட்டிருக்க வேண்டும்.

கற்பிட்டி

பருவம் தெற்கைப் போன்றே நவம்பர் முதல் ஏப்ரல் வரை. மே முதல் செப்டெம்பர் வரை இங்கே பட்டம் கட்டி அலையில் சறுக்கும் விளையாட்டுக்காரர்கள் வருகிறார்கள் என்றால், அந்த மாதங்களில் காற்று எப்படி இருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். 1992 இல் சரணாலயமாக்கப்பட்ட பவளப்பாறைத் திட்டு ஒன்று குடாநாட்டுக்கு வெளியே இருக்கிறது. அதற்கும் அப்பால் மேடை சரியும் விளிம்பில்தான் பெருமீன் தேட வேண்டும். நூற்றுக்கணக்கில் துள்ளிச் சுழலும் டொல்பின் கூட்டங்கள் இந்தக் கடலின் தனிச்சிறப்பு. அந்தக் கூட்டத்தின் கீழே கெலவல்லா ஓடுவது இந்து சமுத்திர மீனவர்கள் பரம்பரையாக அறிந்த செய்தி. டொல்பினுக்கு நடுவே படகைச் செலுத்தாமல், கூட்டம் போகும் திசையை ஊகித்து முன்னே சென்று தூண்டிலை இழுத்துவரும் பொறுமை படகோட்டிக்கு இருந்தால், கெலவல்லாவுக்கு இதைவிட நல்ல கரை வேண்டாம்.

மயில்மீன் இங்கும் உண்டு. ஆனால் எனக்குக் கற்பிட்டி பெருமீன் கரையாகத் தோன்றவில்லை. கைநிறையப் பிடித்து ருசியாகத் தின்னும் கரையாகவே தோன்றியது. நாங்கள் பிடித்த அறுக்குளாவை, தங்கிய வீட்டு அம்மா மிளகாய்த்தூளும் புளியும் போட்டுக் காய்ச்சிய குழம்பை இன்றைக்கும் நண்பர்கள் பேசுகிறார்கள். கடலில் என்ன நடந்தது என்பது யாருக்கும் நினைவில்லை. தமிழ் பேசும் முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் நிறைந்த ஊர் என்பதால் மொழிக்குப் பயமில்லை. பெரிய வெள்ளி வாரத்தில் கத்தோலிக்கரின் படகுகள் கரையில் கிடக்கும் என்பதை மட்டும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். கண்டி, குருநாகல், புத்தளம் என்று போகும் பாதை எளிது.

கிரிந்த

ஊவாவில் இருப்பவருக்குக் கைக்கெட்டும் கடல் இதுதான். பண்டாரவளையிலிருந்து எல்ல, வெல்லவாய, திஸ்ஸமகாராமை வழியாக அரை நாளில் போய்ச் சேரலாம். இங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் தொலைவில், நடுக்கடலில் ஒரு கலங்கரைவிளக்கம் நிற்கிறது. 1873 இல் ஏற்றப்பட்ட அந்த விளக்கு நிற்கும் பாறைத்தொடரை மகா இராவணா கோட்டை என்கிறார்கள். 1961 இல் இந்தப் பாறைகளுக்கிடையேதான் முகலாயர் காலத்து வெள்ளி நாணயங்களோடு மூழ்கிய கப்பலொன்று கண்டெடுக்கப்பட்டது. கப்பல்களை உடைத்த அதே நீரோட்டமும் பாறைகளும்தான் பெரும் பாரையை இங்கே நிறுத்தி வைத்திருக்கின்றன.

பாரை வேட்டை முற்றிலும் வேறு கலை. மார்லினுக்கும் மயில்மீனுக்கும் படகு மணிக்கு ஆறு முதல் ஒன்பது கடல்மைல் வேகத்தில் ஓட, நீங்கள் தண்டைத் தாங்கியில் சொருகிவிட்டுக் காத்திருக்கலாம். இங்கே அப்படியல்ல, நுரை பொங்கும் பாறையை நோக்கி 150 கிராம் எடையுள்ள மிதவை இரையைத் தொடர்ந்து வீசி, சளப் சளப் என்று சத்தம் எழும்படி இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நூறு இறாத்தல் தாங்கும் பின்னல் நூலும், அதன் முனையில் அதைவிடத் தடித்த தங்கூசியும் வேண்டும். மாட்டிய முதல் பத்து விநாடிக்குள் மீனின் தலையைத் திருப்பாவிட்டால், அது பாறைக்குள் புகுந்து நூலை அறுத்துவிடும். இந்த இனத்தின் உலக சாதனை 2006 இல் ஜப்பானில் பிடிபட்ட 72.8 கிலோ மீன். அதில் மூன்றிலொரு பங்கு எடையுள்ள மீனே ஒரு திடகாத்திரமான மனிதனை மண்டியிட வைக்கும். நாற்பதைத் தாண்டிய என் தோள்பட்டை இரண்டாம் நாள் பகலோடு வேலைநிறுத்தம் செய்துவிட்டது.

கிரிந்தவின் பெரிய இடைஞ்சல் காலம். இரண்டு பருவக்காற்றுகளும் இந்த முனையை அடிப்பதால், பாறைகளுக்கு அருகே படகு போகும் அமைதி மார்ச்சிலும் ஏப்ரல் முற்பகுதியிலும்தான் நம்பிக்கையாகக் கிடைக்கும். ஏப்ரல் விடுமுறை அதற்குள் வருகிறது என்று நாங்கள் மகிழ்ந்தோம். ஆனால் சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னும் பின்னும் சேர்த்து ஒரு வாரம் தென்கரைப் படகுகள் கரையேறிவிடுகின்றன. ஆள் பிடிக்கவே முடியாது. புத்தாண்டுக்கு முந்திய வாரமா பிந்திய வாரமா என்று படகுக்காரரிடம் கேட்காமல் பஸ் ஏறியவர்களில் நாங்களும் அடக்கம். அந்தத் தடவை கரையில் நின்று கலங்கரைவிளக்கத்தை மூன்று நாட்கள் பார்த்துவிட்டு வந்தோம். கதிர்காமம் பக்கத்திலேயே இருந்ததால் பயணம் புண்ணியக் கணக்கில் ஏறியது.

மாலைதீவு என்ற மாற்று

கொழும்பிலிருந்து ஒன்றரை மணித்தியாலப் பறப்பு, வந்திறங்கியதும் விசா. பாரைக்கு உலகப் புகழ் பெற்ற பவளத்தீவுகள். 2010 இல் சுறாப்பிடிப்பு தடைசெய்யப்பட்ட கடல். மீன் மட்டுமே அளவுகோல் என்றால் நான்கு கரைகளையும் ஓரங்கட்டிவிடலாம். ஆனால் அங்கே எல்லாமே டொலரில். ஆசிரியர் சம்பளத்தில் அது ஒரே ஒரு தடவை, அதுவும் மூன்று ஆண்டு சீட்டுப் பிடித்த பிறகு. சம்பலில் போடும் மாசிக் கருவாடு அங்கிருந்து வருகிறது என்பதோடு என் உறவு தற்போதைக்கு நிற்கிறது.

மீனைக் கொல்வதா விடுவதா

நான்கு கரைக்கும் பொதுவான ஒரு விஷயத்தை முற்பணத்துக்கு முன்பே பேசியாக வேண்டும். மயில்மீனும் மார்லினும் நம் சந்தையில் விலைபோகும் இறைச்சி. தளபத் என்றும் கொப்பரா என்றும் ஹற்றன் கடைகளிலேயே துண்டுபோட்டு விற்கிறார்கள். படகுக்காரருக்கு அந்த மீன் கூடுதல் வருமானம். நீங்கள் விடுவிக்க விரும்பினால், அது அவருடைய பையிலிருந்து போகும் பணம் என்பதை உணர்ந்து, விடுவிக்கும் மீனுக்கு ஒரு தொகை தருவதாக முன்கூட்டியே சொல்லிவிடுவது நியாயம். இதைப் பேசாமல் போனால், நீங்கள் படம் எடுக்கக் கமராவைத் தேடும் நேரத்தில் அவர் கொளுவியால் மீனைக் குத்திவிடுவார். அவர்மேல் குறை சொல்லவும் முடியாது. மார்லின், மயில்மீன் இனங்களின் பிடிப்புக்கு இந்து சமுத்திர டூனா ஆணைக்குழு 2018 இல் எல்லை வகுத்தது. இலங்கையும் அதில் உறுப்பு நாடு. திரெஷர் எனப்படும் நீண்ட வால் சுறாக்களைப் பிடிப்பது 2012 முதல் இலங்கையில் சட்டவிரோதம். தவறி மாட்டினால் உடனே விட்டுவிட வேண்டும்.

விடுவிப்பதாக இருந்தால் வட்டத் தூண்டிலே உகந்தது. அது வயிற்றுக்குள் இறங்காமல் பெரும்பாலும் வாயோரத்தில் மாட்டும். மீனைப் படகுக்குள் தூக்காமல், அலகைப் பிடித்தபடி படகை மெல்ல முன்னே ஓட்டினால், செவுள் வழியே நீர் பாய்ந்து மீன் தெளியும். எங்கள் மயில்மீன் தெளிய நான்கு நிமிடம் எடுத்தது. முதலில் உடலின் வெண்கல நிறம் மங்கிக் கிடந்தது. பிறகு பக்கங்களில் நீலக்கோடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. கையை உதறிவிட்டுப் போனது. அலகின் சொரசொரப்பில் உள்ளங்கை உரிந்ததை வீடு திரும்பும்வரை நான் கவனிக்கவில்லை. கையுறை கொண்டுபோங்கள்.

யாருக்கு எது

என் கணக்கில் முதலிடம் திருகோணமலைக்கு. அங்கே மீன் அதிகம் என்பதால் நான் இதைச் சொல்லவில்லை. ஓகஸ்ட் விடுமுறையில் திறந்திருக்கும் ஒரே கரை அது, மூன்று நாட்கள் தொடர்ந்து கடலேறும் அளவுக்குக் காலநிலையை நம்பலாம், செலவும் தாங்கும். பெருமீன் தூண்டிலில் தொடர்ச்சியான நாட்களுக்கு உள்ள மதிப்பு வேறு எதற்கும் இல்லை: முதல் நாளில் நீரோட்டத்தையும் படகோட்டியையும் அறிந்துகொள்வீர்கள், இரண்டாம் நாளில் பிழைகளைத் திருத்துவீர்கள், மூன்றாம் நாளில்தான் உண்மையாகத் தூண்டில் போடுவீர்கள். ஒரே பயணத்தில் மூன்று கரைகளில் ஒவ்வொரு நாள் என்று திட்டமிட்டவர்கள், மூன்று முதல் நாட்களை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பியதையே நான் கண்டிருக்கிறேன்.

டிசம்பரில் மட்டும் ஓய்வு கிடைப்பவர்கள், குறிப்பாக மாத முற்பகுதியின் குழப்பமான கடலைத் தவிர்த்து நத்தாருக்குப் பிறகு போக முடிந்தவர்கள், தெற்கைத் தேர்ந்தெடுக்கலாம். விரும்பிய மாதத்தில் லீவு எடுக்கக்கூடிய வங்கிக்காரருக்கும் கடைக்காரருக்கும் பெப்ரவரி, மார்ச் மாதத்துத் தெற்கு திருகோணமலையை விஞ்சும். அந்த வசதி எனக்கிருந்தால் இந்தக் கட்டுரையின் வரிசையே மாறியிருக்கும். தோளில் வலுவும் வயதில் இளமையும் உள்ள ஊவாக்காரர் மார்ச்சில் கிரிந்தவுக்குப் போகட்டும். குடும்பத்தோடு போய் மீன்குழம்பு சாப்பிட்டு வர நினைப்பவருக்குக் கற்பிட்டி.

வரும் ஓகஸ்ட் முதல் வாரத்துக்கு நாங்கள் நால்வரும் திருகோணமலையில் மூன்று முழுநாட்கள் பேசி வைத்திருக்கிறோம். இரண்டு எஞ்சின், வானொலிக் கருவி, ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி ஆகியவற்றைக் கண்ணால் பார்த்த பிறகே மீதிப் பணம் என்பது ஒப்பந்தம். தண்டும் ரீலும் இம்முறை எங்களுடையவை. இரண்டு துண்டாகக் கழற்றி, ஐந்தடி பீவீசீ குழாய்க்குள் போட்டு மூடியடித்தாயிற்று. கண்டி பஸ் நடத்துநர் அதற்கு அரை டிக்கெட் கேட்பாரா முழு டிக்கெட் கேட்பாரா என்பதுதான் இன்னும் தெரியவில்லை.